பெர்சியனா, சியாமீஸா, நாட்டுப் பூனையா: நம் ஊர் வீட்டுக்கு எது பொருந்தும்?

இரண்டு மாதக் குட்டியாக இருக்கும்போது எந்தப் பூனையும் அழகுதான். பஞ்சு உருண்டை போன்ற பெர்சியன் குட்டியைக் கையில் வாங்குகிறவருக்கு, வளர்ந்தபின் அந்த முடியை யார் சீவுவது, மே மாத மதியத்தில் கரண்ட் போனால் அது எப்படி மூச்சு வாங்கும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் தோன்றாது. அதனால் இங்கே நிறத்தையும் முகத்தையும் ஒதுக்கிவிட்டு வெயில், முடி, வீட்டில் ஆள் இருக்கும் நேரம், பரம்பரை நோய் இவற்றை வைத்தே பார்க்கிறோம்.

வெயிலும் மூக்கும்

பூனைக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி முடியை நக்கி ஈரமாக்கியும், சூடு மிஞ்சினால் வாயைத் திறந்து மூச்சு வாங்கியும்தான் உடம்பைத் தணித்துக்கொள்கிறது. தட்டை முகப் பெர்சியனுக்கு மூக்குத் துவாரமும் உள்ளே மூச்சுப் பாதையும் குறுகல். போதாததற்கு உடம்பு முழுக்க அடர்ந்த முடி. கடைகளில் ‘பஞ்ச் ஃபேஸ்’ என்று கூடுதல் விலை சொல்லி விற்பது இந்த முகத்தைத்தான். கண்ணீர்க் குழாய் மடங்கி இருப்பதால் கண்ணோரம் எப்போதும் நீர் வழிந்து பழுப்புக் கறை படியும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் தினமும் துடைக்க வேண்டும். பெர்சியன்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டால், மூக்கு சற்று நீண்ட ‘டால் ஃபேஸ்’ எடுங்கள். விலை குறைவு, மூச்சும் சிரமமில்லை.

மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு, பகலில் ஏசி இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் பஞ்ச் ஃபேஸ் வேண்டவே வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இந்தக் கணக்கு மாறும். சென்னையிலும் வேலூரிலும் மாறாது. பூனை வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கினால் அது களைப்பு அல்ல, ஆபத்து. பாதம், காது, வயிறு மூன்றையும் ஈரத் துணியால் துடைத்து, ஃபேனுக்குக் கீழே வைத்து, உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

சியாமீஸ் தாய்லாந்தின் பூனை. ஒட்டிய குட்டை முடி, ஒல்லி உடம்பு. நம் வெயிலை நன்றாகவே தாங்கும். அதன் நிறமே வெப்பத்தைப் பொறுத்தது. நிறமி உண்டாக்கும் நொதி உடம்பின் குளிர்ந்த பகுதியில்தான் வேலை செய்யும். அதனால்தான் முகம், காது, வால், பாதம் மட்டும் கறுத்து, மற்ற இடம் வெளிறி இருக்கிறது. குட்டி பிறக்கும்போது வெள்ளையாக இருப்பதும் இதனால்தான். நாட்டுப் பூனைக் கலப்பிலும் இந்த நிறம் வரும். நிறத்தை மட்டும் பார்த்து ‘ஒரிஜினல் சியாமீஸ்’ என்று பெரிய விலை கொடுத்துவிடாதீர்கள்.

சீப்புப் பிடிக்கிற கை இருக்கிறதா?

பெர்சியன் வளர்ப்பின் பெரும் பகுதி சீவுவதுதான். ஒரு நாளைக்கு 10 முதல் 15 நிமிடம், ஒரு நாள் விடாமல். அகலப் பல்லும் நெருக்கப் பல்லும் கொண்ட ஸ்டீல் சீப்பு வாங்குங்கள். மேலோட்டமாக பிரஷ் போட்டால் மேல்முடி மட்டும் பளபளக்கும், அடிமுடி சிக்கிக்கொண்டே போகும். முடியை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்து, தோல் தெரிய, அடியிலிருந்து வரிசை வரிசையாகச் சீவ வேண்டும். சிக்கு விழும் இடங்கள் எப்போதும் அவைதான்: காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கு, வயிறு, பின் தொடை.

சிக்கு விழுந்துவிட்டால் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். பூனையின் தோல் மெல்லியது. சிக்கோடு சேர்ந்து மேலே எழும்பி நிற்கும், முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவீர்கள். விரலால் பிரித்து, வராவிட்டால் டிரிம்மரால் எடுங்கள். குளிப்பாட்டினால் அடிமுடிவரை காய வைக்க வேண்டும். சென்னையின் புழுக்கத்தில் ஈரம் தங்கிய நீள முடிக்குள் படர்தாமரை எளிதில் வரும், பெர்சியனுக்கு இன்னும் எளிதில். அது வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் தொற்றும்.

சியாமீஸுக்கும் நாட்டுப் பூனைக்கும் வாரம் ஒருமுறை ரப்பர் பிரஷ் போட்டால் போதும். பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் என்ற இனம் பெயரில் மட்டுமே எளிது. முடி குட்டைதான், ஆனால் மிக அடர்த்தி. உதிரும் காலத்தில் வாரம் மூன்று முறையாவது சீவ வேண்டும்.

முடி குறைந்த இனம் வாங்கினால் அலர்ஜி வராது என்று நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. அலர்ஜி தருவது முடி அல்ல. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பியிலும் உள்ள புரதம் அது, எல்லா இனத்துக்கும் உண்டு. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், வாங்குவதற்கு முன் பூனை இருக்கும் வீட்டில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரமாவது உட்கார வைத்துப் பாருங்கள்.

பகலெல்லாம் பூட்டிய வீடு

கணவன் மனைவி இருவரும் காலை 9 மணிக்குக் கிளம்பி இரவு 7 மணிக்குத் திரும்பும் வீட்டில் ஒற்றைச் சியாமீஸ் சரிப்படாது. அது ஆளோடு ஒட்டிக்கொள்ளும் பூனை. கத்திப் பேசும், பதில் எதிர்பார்க்கும். தனித்துவிட்டால் கத்தல் கூடும், சில பூனைகள் தம் முடியையே நக்கி நக்கி வழுக்கையாக்கும், துணியை மெல்லும். பக்கத்து ஃபிளாட் சுவர் மெல்லியதாக இருந்தால் சண்டை நிச்சயம். ஆனால் தாத்தா பாட்டி நாள் முழுக்க இருக்கும் வீட்டுக்கு இதைவிடக் கலகலப்பான துணை கிடையாது.

பெர்சியன் தனிமையைப் பொறுத்துக்கொள்ளும், நாளில் பாதிக்கு மேல் தூங்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் நல்ல வழி, ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு நாட்டுக் குட்டிகள். ஒன்றோடு ஒன்று விளையாடித் தீர்த்துவிடும். இரண்டு பூனைக்கு, மலம் கழிக்கும் மணல் தட்டு (ட்ரே) மூன்று வைக்க வேண்டும்.

பெங்கால் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் பெரும்பாலும் ‘வேண்டாம்’. சிறுத்தைப் பூனை என்ற காட்டு இனத்தோடு கலந்து உருவாக்கியது அது. ஏறித் தாவ உயரமும், தினமும் விளையாட ஆளும் வேண்டும். 2 பிஹெச்கே ஃபிளாட்டில் திரைச்சீலை மிஞ்சாது. மெய்ன் கூன் என்ற பெரிய இனம் சாது. ஆனால் கடுவன் 6 முதல் 8 கிலோ வரை வளரும், சாதாரண ட்ரேயில் அதற்குத் திரும்பவே இடம் இருக்காது, அந்தக் குளிர்நாட்டு முடிக்கும் சீப்பு வேண்டும். 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 கிராம் உலர்தீனி போதும். மெய்ன் கூனுக்கு அதில் இரண்டு பங்கு வரை ஆகலாம்.

சைவ வீட்டுக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: தயிர்சாதத்தில் எந்த இனமும் வாழாது. டாரின் என்ற சத்து இறைச்சியில்தான் இருக்கிறது, அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். சமையலறைக்குள் கறி வரக் கூடாது என்றால் பாக்கெட் பூனைத்தீனியாவது வாங்கத் தயாராக இருக்க வேண்டும்.

நோய்க் கணக்கு

பெர்சியனிலும் அதன் கலப்புகளிலும் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் உண்டு. பெற்றோரில் ஒன்றுக்கு அந்தக் கோளாறு இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வரலாம். குட்டியில் ஒன்றும் தெரியாது; நடுவயதில் தண்ணீர் அதிகம் குடித்து மெலியும்போதுதான் தெரியும். தாய் தந்தையின் மரபணுச் சோதனை முடிவையோ சிறுநீரக ஸ்கேனையோ காட்டச் சொல்லுங்கள். மெய்ன் கூனுக்கு இதயத் தசை தடிக்கும் நோய். அதற்கும் மரபணுச் சோதனை இருக்கிறது, இதய எக்கோவும் சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்டதும் பேச்சை மாற்றுகிறவரிடம் வாங்காதீர்கள்.

நாட்டுப் பூனையை யாரும் முகத்துக்காகவோ முடிக்காகவோ தேர்ந்து பெருக்கவில்லை. மரபு பல வழியாகக் கலந்திருப்பதால் இந்தப் பரம்பரை நோய்கள் அரிது. 3 முதல் 5 கிலோ உடம்பு, நம் வெயிலுக்கே பழகிய முடி. குறை ஒன்று உண்டு: குணம் இப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிறந்த 2 முதல் 7 வாரத்துக்குள் மனிதக் கை பட்டு வளர்ந்ததா என்பதே பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது. அதனால் ஒரு வயது தாண்டிய, கருத்தடை செய்த பூனையைத் தத்தெடுப்பது நல்லது. மடியில் உட்காருமா, குழந்தையைக் கண்டால் ஓடுமா என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். வெளியே திரிந்து பழகியது என்றால் பால்கனிக்கு வலை கட்டாயம். புறாவுக்குக் கட்டும் மெல்லிய நைலான் வலையைச் சில பூனைகள் கடித்தே ஓட்டை போடும். 4 சென்டிமீட்டருக்குக் குறைந்த கண்ணுள்ள கம்பி வலை நிற்கும்.

எதை எடுத்தாலும் 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டியை வாங்காதீர்கள். 12 வாரம் என்றால் இன்னும் நல்லது. கடையிலிருந்து வந்த குட்டி சில நாட்களிலேயே வாந்தியும் பேதியுமாகச் சாவதற்கு முக்கியக் காரணம் பான்லூகோபீனியா வைரஸ். அது உடம்பில் புகுந்து வெளியே தெரிய 2 முதல் 10 நாள் ஆகும், அதனால் வாங்கும் நேரத்தில் குட்டி துள்ளி விளையாடும். வீட்டில் வேறு பூனை இருந்தால் புதுக்குட்டியை இரண்டு வாரம் தனி அறையில், தனி ட்ரே, தனிக் கிண்ணத்தோடு வையுங்கள். முத்தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை போட வேண்டும்.