கடலை மிட்டாய் பேக்கிங் லைனில் அப்சொல்யூட் என்கோடர்: சில வருட அனுபவம்

கரன்ட் போய் வந்ததும் மெஷின் விட்ட இடத்திலிருந்து ஓட வேண்டும். தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்லும் சென்சார்தான் என்கோடர். கரன்ட் போய் வந்தாலும் அந்த இடத்தைச் சொல்லக்கூடியது அப்சொல்யூட் வகை. அதற்குக் கூடுதல் காசு கொடுப்பதே இதற்காகத்தான். துண்டுகளை ஃபிலிமில் சுற்றி சீல் வைக்கும் எங்கள் ஃப்ளோ ராப் மெஷினில் இப்போது அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் வந்து இறங்கிய புதிதில் அப்படி இல்லை.

கடலை மிட்டாய்த் துண்டுகளைத் தள்ளிக்கொண்டு வரும் செயின்தான் மாஸ்டர். ஃபிலிம் ரோலரும், சீல் வைத்து வெட்டும் ஜாவும் அதைப் பின்தொடரும் இரண்டு சர்வோக்கள் (சொன்ன இடத்தில் துல்லியமாக நிற்கும் மோட்டார்கள்). செயின் இத்தனை டிகிரியில் இருந்தால் ஜா இத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்ற அட்டவணைதான் எலக்ட்ரானிக் கேம். துண்டின் நீளம் மாறினால் கியரைக் கழற்ற வேண்டாம், வேறு அட்டவணையை எடுத்தால் போதும். பழைய மெஷினில் கரன்ட் போனால் இடத்தை மறந்துவிடும் இன்க்ரிமென்டல் என்கோடர் என்பதால் ஒவ்வொரு கரன்ட் கட்டுக்கும் ஹோமிங், அதாவது ஜாவைச் சுற்றவிட்டு ஆரம்ப இடத்தைத் தேடுவது. ஜா ஒரு சுற்று வரும்போது நடுவில் நின்ற துண்டு நொறுங்கும். அப்புறம் சூடான ஜாவில் ஒட்டிய பாகைச் சுரண்டி எடுக்கிற வேலை.

புது மெஷினில் ஹோமிங் இல்லை. ஆனால் சில கரன்ட் கட்டுக்குப் பிறகு ஜா தப்பான இடத்தில் வெட்டியது, சில முறை சரியாகவே ஓடியது. மெஷின் செய்து கொடுத்தவர்கள் அனுப்பிய ஆள் கேபிளை மாற்றினார், எர்த் பார்த்தார், நாய்ஸ் (மின் இடையூறு) என்று சொல்லிவிட்டுப் போனார். தவறு எப்போதும் 120 அல்லது 240 டிகிரியாகவே வருகிறது என்பதைக் கவனித்தது எங்கள் எலக்ட்ரீஷியன்தான். நாய்ஸ் இவ்வளவு ஒழுங்காக வராதே!

காரணம் கியர் விகிதம். மோட்டார் 3 சுற்று சுற்றினால் ஜா 1 சுற்று. மோட்டாரில் இருந்த மல்டிடர்ன் என்கோடர் 4096 சுற்று எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்குப் போகும். 4096-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1. அந்த ஒரு சுற்றுதான் ஜாவில் 120 டிகிரி. மோட்டார் 300 ஆர்பிஎம்மில் போனால் 14 நிமிடத்துக்குள் எண்ணிக்கை நிரம்பிவிடும். ஓடும்போது மோட்டாரைக் கட்டுப்படுத்தும் டிரைவ் தன் கணக்கில் சரியாகத் தொடரும். கரன்ட் போய் வந்து என்கோடரைப் புதிதாகப் படிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். மூன்று முறை நிரம்பியிருந்தால் தவறு தானாக நேராகிவிடும். அதனால்தான் இத்தனை குழப்பம்.

சில டிரைவ்களில் எத்தனை சுற்றில் பூஜ்யமாக வேண்டும் என்று நாமே வைக்கலாம். யாஸ்காவா சிக்மா வரிசையில் பிஎன்205 என்ற அளவுரு அதற்குத்தான். எங்கள் டிரைவில் அந்த வசதி இல்லை. அதனால் ஜா தண்டிலேயே ஒரு சிங்கிள்டர்ன் அப்சொல்யூட் என்கோடரை மாட்டினோம். ஜா ஒரு சுற்றுக்குள் எங்கே நிற்கிறது என்பது மட்டும்தானே அட்டவணைக்கு வேண்டும்? இதில் இன்னொரு லாபமும் உண்டு: டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டினால் மோட்டார் என்கோடருக்கு அது தெரியாது, இதற்குத் தெரியும்.

மாஸ்டரில் வேறு விஷயம். மெதுவாக ஓட்டினால் சரியாக விழும் வெட்டு, வேகம் கூட்டினால் தள்ளிப்போகும். என்கோடரை எஸ்எஸ்ஐ என்ற தகவல் இணைப்பு வழியாகப் படித்து ஜாவுக்குக் கட்டளை போக 2 மில்லி செகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 300 பாக்கெட் வேகத்தில் அது 3.6 டிகிரி, 100 மில்லிமீட்டர் பாக்கெட்டில் 1 மில்லிமீட்டர். இதற்காக அட்டவணையைத் திருத்தக் கூடாது, இன்னொரு வேகத்தில் மறுபடி தப்பும். டிரைவில் இருக்கும் தாமத ஈடு அளவுருவில்தான் சரிசெய்ய வேண்டும்.

பேட்டரி வைத்த மல்டிடர்ன் என்றால் அந்த 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரியை டிரைவின் கன்ட்ரோல் சப்ளை ஆனில் இருக்கும்போது மாற்றுங்கள். ஆஃப் செய்துவிட்டுக் கழற்றினால் சுற்று எண்ணிக்கை போய்விடும்.

ஃபிலிம் ரோலருக்கு மட்டும் அப்சொல்யூட் வேண்டாம். ஃபிலிம் வழுக்கும், இழுபடும். அதன் இடத்தை அச்சுக் குறியைப் பார்க்கும் சென்சார்தான் சொல்ல முடியும். அங்கே சாதா இன்க்ரிமென்டல் போதும். மிச்சப்படும் காசை ஜா பக்கம் போடுங்கள்.