மூன்று ஆண்டு ஜப்பானிய மொழி: மெஷின் நின்றதா, நிறுத்தினார்களா?

டிசம்பரில் எழுதிய ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் முடிவு ஜனவரி கடைசியில் வந்தது. ஐந்து நிலைகளில் நடுவில் இருக்கும் என்-3 தேறிவிட்டேன். அன்று மாலை கல்லூரி பஸ்ஸில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, நானும் ஜப்பானிய மொழி வகுப்பில் சேரட்டுமா? வேலை கிடைக்குமா?" என்று கேட்டாள். தாம்பரம் வருவதற்குள் பாதிகூடச் சொல்லி முடியவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஹிரகானா, கதகானா என்று இரண்டு ஒலியெழுத்து வரிசை, அதன்மேல் சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளில் அன்றாடப் பயன்பாட்டுக்கென்று வகுத்த 2,136, ஐந்து நிலைத் தேர்வு, ஜூலையிலும் டிசம்பரிலும் ஒவ்வொரு முறை. இதெல்லாம் விசாரிக்க வருகிறவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை: தமிழ் தெரிந்த நமக்கு இந்த மொழியை ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

எங்கள் வகுப்பில் இருபத்திரண்டு பேர். இரண்டு பேரைத் தவிர எல்லோருக்கும் வீட்டில் தமிழ்தான். ஆசிரியைக்கும் தமிழ்தான். ஆனால் விளக்கம் முழுவதும் ஆங்கிலத்தில். பாடநூல் 'மின்னா நோ நிஹோங்கோ', இரண்டு தொகுதி, ஐம்பது பாடம். கூடவே நாங்கள் வைத்திருந்த இலக்கண விளக்க நூல் ஆங்கிலப் பதிப்பு. வினைச்சொல் கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும் என்பதையெல்லாம் பெரிய அதிசயம்போல முதல் மாதம் முழுவதும் விளக்கினார்கள். தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது?

முதலில் எனக்குப் பொறி தட்டியது 'இத்தே கிமாஸ்' என்ற வாழ்த்தில். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது சொல்வது. ஆங்கில நூலில் அதற்கு 'நான் கிளம்புகிறேன்' என்ற பொருளில்தான் ஏதோ போட்டிருந்தார்கள். 'இத்தே' என்றால் போய், 'கிமாஸ்' என்றால் வருகிறேன். போய் வருகிறேன்! தினமும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு அம்மாவிடம் நான் சொல்கிற அதே சொல். "போய்விட்டு வா" என்று அம்மா சொல்வதற்கும் ஜப்பானில் ஒரு சொல் இருக்கிறது, 'இத்தெராஷ்ஷாய்'. 'போகிறேன்' என்று மட்டும் சொன்னால் பாட்டி திட்டுவாள் என்பது தெரிந்த யாருக்கும் இந்த வாழ்த்தை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

அதற்குப் பிறகு நான் குறிப்பேட்டில் மூன்று பத்தி பிரித்துக்கொண்டேன்: ஜப்பானியம், ஆங்கிலம், தமிழ். 29ஆம் பாடத்தில் 'ஷிமாவ்' வருகிறது. 'வசுரெத்தே ஷிமாயிமாஷிதா' என்றால் மறந்துவிட்டேன். இதற்கு ஆங்கிலத்தில் அரைப் பக்க விளக்கம்: செயல் முற்றுப்பெற்றது, அதில் ஒரு வருத்தமும் உண்டு, இன்னும் என்னென்னவோ. தமிழில் 'விட்டேன்' என்ற துணைவினை அத்தனையையும் சொல்லிவிடுகிறது. 30ஆம் பாடத்தில் 'கத்தே ஒகு', வாங்கி வை. 'ஒகு' என்ற சொல்லுக்கே வைப்பது என்றுதான் பொருள். 40ஆம் பாடத்தில் 'தாபெத்தே மிரு', சாப்பிட்டுப் பார். 'மிரு' என்றால் பார். அடுத்தடுத்து இப்படியே. ஒவ்வொரு முறையும் வகுப்பு ஆங்கிலத்தில் தலைகீழாக நின்று திணறும். என் தமிழ்ப் பத்தியில் ஒற்றை வரியில் வேலை முடிந்திருக்கும். அதுவும் கோரே, சோரே, ஆரே! இது, உது, அது. 'உது' நம் பக்கத்தில் பேச்சிலிருந்து போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஏற்காவிட்டால் என்ன? அவை சொந்தமோ இல்லையோ, ஒரே வாசல் வழியாக நுழையலாம் என்பது எனக்குப் போதும்.

இது வெறும் வகுப்பறை மகிழ்ச்சி இல்லை என்பது போன ஜூனில் தெரிந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வாரம் பயிற்சிக்குப் போயிருந்தேன். அப்போது ஜப்பானிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். இரவு ஷிப்டில் ஒரு மெஷின் திரும்பத் திரும்ப நின்றுகொண்டிருந்தது. ஆபரேட்டர் அண்ணன் தமிழில் சொல்வார், மேற்பார்வையாளர் அதை ஆங்கிலத்தில் சொல்வார், மொழிபெயர்ப்பாளர் ஜப்பானிய மொழியில் சொல்வார். இரண்டு தாவல். அந்த வழியில் பொறியாளரின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது 'தொமெதா' என்ற சொல். நிறுத்தினார்கள் என்று பொருள். அவர் பொறுமையாக, "எதற்காக நிறுத்தினீர்கள், யார் பட்டனை அழுத்தியது?" என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. தன்மேல் பழி போடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. என்னை அழைத்தார்கள். அண்ணன் சொன்ன வாக்கியம் மூன்றே சொல்: "மெஷின் நின்று விட்டது." நான் அதை அப்படியே சொன்னேன்: "கிகாய் கா தொமத்தே ஷிமாயிமாஷிதா." கிகாய் மெஷின், தொமத்தே நின்று, ஷிமாயிமாஷிதா விட்டது. ஒரு சொல்லைக்கூட இடம் மாற்றவில்லை. பொறியாளர் சட்டென்று நிமிர்ந்து, "தொமத்தா? தானாகவா?" என்றார். பிறகு யாரையும் எதுவும் கேட்கவில்லை. கதவைத் திறந்து சென்சார் ஒயரைப் பார்க்கப் போய்விட்டார். நின்றது, நிறுத்தினேன், உடைந்தது, உடைத்தேன். தன்வினையும் பிறவினையும் தமிழில் தனித்தனி, ஜப்பானியத்திலும் தனித்தனி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பல நேரம் ஒரே வினைதான். நடுவில் அந்த மொழி நின்றதால் ஒரு மனிதர் இரண்டு நாள் குற்றவாளிபோல நின்றார். அன்று அண்ணன் கேன்டீனில் எனக்கு டீ வாங்கிக்கொடுத்தார். ஆயுத எழுத்தைத் தாண்டி இலக்கணத்தில் எதையும் ரசிக்காத நான் அன்று தன்வினை பிறவினை சொல்லித்தந்த எட்டாம் வகுப்பு ஐயாவை நினைத்துக்கொண்டேன்.

இனி மறுபக்கம். தமிழ் கைகொடுப்பது இலக்கணத்தில் மட்டும். கான்ஜியில் ஒரு பைசா உதவி கிடையாது. வாக்கியம் சுலபமாகப் புரிகிறதே என்ற தைரியத்தில் நான் எழுத்துகளைத் தள்ளிப்போட்டேன். என்-3 தேற 180க்கு 95 வேண்டும், மூன்று பகுதியிலும் தலா 19 வேண்டும். வாசிப்பில் நான் வாங்கியது 22. மூன்று மதிப்பெண்ணில் தப்பித்தேன். பெயருக்குப் பின்னால் ஒட்டும் 'வா', 'கா' என்ற இரண்டு உருபுகளுக்கும் உள்ள வேறுபாடும் தமிழில் நேராகப் பிடிபடாது. தேர்வில் பேச்சுக்குப் பகுதியே இல்லாததால், தேறியவர்களிலும் பலருக்கு வாய் திறப்பதில்லை.

வேலை? ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் யமஹா, கொமாட்சு என்று தொழிற்சாலைகள் இருக்கின்றன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்பவையும் நிறைய. அந்த நம்பிக்கையில்தான் போன வாரம் ஒரு நிறுவனத்தின் நேர்காணலுக்குப் போனேன். ஆங்கிலப் பத்தி ஒன்றைக் கொடுத்து ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். கடைசியில் இருப்பதை முதலில் இழுத்துப் போட்டுத் திணறினேன். வரைபடக் குறிப்பில் நான்கு கான்ஜி தெரியவில்லை; அது என் தவறு. ஆனால் தமிழிலிருந்து ஒரு வரிகூடக் கேட்கவில்லை. தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பேசுவது தமிழ்தானே, அதைச் சோதிக்க மாட்டீர்களா என்று கேட்டேன். "அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்றார்கள். அடுத்த நிலையான என்-2 முடித்துவிட்டு வரச் சொன்னார்கள்.

அதனால் தங்கச்சி, இன்றைக்கு என்னைக் கேட்டால் சேராதே என்றுதான் சொல்வேன். மூன்று வருட சனி ஞாயிறு போய்விட்டது. கல்லூரி முடிவதற்குள் வேலை என்ற கணக்குக்கு இது ஒத்துவராது. மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்த என் தோழிகள் சம்பளம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் ஜூலையில் என்-2 எழுதுகிறேன். தினம் பத்து கான்ஜி, வரைபடங்களில் வருபவை முதலில். தொழிற்சாலைத் தளத்தில் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் நடுவில் நிற்கிற வேலைதான் எனக்கு வேண்டும். வேறு எதற்கும் விண்ணப்பிக்கவில்லை.

என் குறிப்பேட்டைத் திங்கட்கிழமை பஸ்ஸில் கொண்டுவருகிறேன். 31ஆம் பாடத்திலிருந்து அதில் ஆங்கிலப் பத்தி இருக்காது. நகல் எடுத்துக்கொண்டு அந்த வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடு, எனக்கு வேண்டும்.