ஊரடங்குக்குள் எலும்பு வாட்டு: அம்மம்மாவின் ஒன்பது நாள்

வன்னியில் ஒரு அரச ஆஸ்பத்திரியின் எலும்பு வாட்டைப் பற்றி எழுதுகிறேன். குறையும் சொல்லப்போவதால் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டாம்.

2021 ஓகஸ்ட் 24, செவ்வாய் இரவு. கொரோனாவுக்காக நாட்டைப் பூட்டி நாலு நாள். ஒட்டுசுட்டானில் எங்கள் கிணற்றடியில் அம்மம்மா வழுக்கி விழுந்தா. வயது 81. வலது கால் கட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. பக்கத்து வீட்டு மாமா வேலிக்கு அங்கால் நின்றே, "முறிவு நெரிவுப் பரியாரியிட்டக் கொண்டுபோய்ப் பத்துப் போடுங்கோ" என்றார். கை என்றால் நானும் யோசித்திருப்பேன்.

1990 நம்பருக்குப் போன் அடித்தோம். அந்த அம்புலன்ஸ் சேவைக்கு முழுப் புள்ளி. காசு இல்லை, ஊரடங்குப் பாஸ் கேள்வி இல்லை. வந்த இரண்டு பேரும் காலை இழுத்துப் பார்க்காமல், இரு பக்கமும் தலையணை அண்டை கொடுத்துப் போர்வையோடு தூக்கினார்கள்.

இனி ஆஸ்பத்திரி. வாசலில் அன்ரிஜன் சோதனை, தொற்று இல்லை. எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டர், தொடை எலும்பின் கழுத்து உடைந்ததால் அதன் தலையிலுள்ள பந்துக்குப் போகும் இரத்தம் அறுந்திருக்கும், ஒட்டாது, உலோகப் பந்து வைக்க வேண்டும் என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார். ஆனால் பிசிஆர் முடிவு வராமல் தியேட்டருக்கு எடுக்கமாட்டார்களாம். அது வெள்ளிக்கிழமை காலையில்தான் வந்தது. இங்கிலாந்தில் 36 மணித்தியாலத்துக்குள் செய்வதைத்தான் நல்ல சிகிச்சை என்பார்கள். அம்மம்மா 60ஐத் தாண்டிக் கிடந்தா.

காத்திருந்ததைக்கூட மன்னிப்பேன். ஸ்கொட்லாந்தில் முதல் அலையில் கணக்கெடுத்தபோது, கொரோனாவோடு இடுப்பு முறிந்தவர்களில் மூன்றில் ஒருவர் முப்பது நாளுக்குள் இறந்திருக்கிறார்கள். தொற்றில்லாதவர்களில் பத்தில் ஒருவர்கூட இல்லை. அப்படியென்றால் பயப்படத்தான் வேண்டும். மன்னிக்க முடியாதது பட்டினி. புதனும் வியாழனும் விடிய "இன்றைக்கு எடுக்கலாம்" என்று தண்ணீரையும் நிறுத்தி, பின்னேரம் "இன்றைக்கு இல்லை" என்றார்கள். முடிவு வராமல் எடுக்கமாட்டோம் என்று தெரிந்தவர்கள், 81 வயது மனுசிக்கு ஒரு கோப்பை கஞ்சியாவது கொடுத்திருக்கலாம்.

வெள்ளி பின்னேரம் முதுகில் ஊசி போட்டு ஒப்பரேஷன். சனி காலையே கட்டிலை விட்டு எழுப்பி நிறுத்திவிட்டார்கள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. கிடையில் விட்டால் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும், முதுகில் புண் வரும் என்றார் பிசியோ. ஒன்பது நாளில் ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை. இரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஊசியும் தவறாமல் போட்டார்கள். கைவேலையில் குறையே இல்லை.

உள்ளே யாரையும் விடவில்லை. அதுதான் பெரிய கஷ்டம். அம்மம்மாவுக்குக் காது மந்தம், வாயைப் பார்த்துத்தான் பாதி விளங்கும். எல்லாருக்கும் முகக்கவசம். இரண்டாம் இரவே ஆள் தடுமாறிவிட்டா. சுற்றிவர வெள்ளை அங்கி, கண் மட்டும் தெரியுது. 2009 கடைசிச் சண்டைக்குத் திரும்பிப் போய்விட்டா. "ஷெல் வருது, பங்கருக்குள்ள இறங்குங்கோ பிள்ளை" என்று நேர்ஸின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறா. நேர்ஸ் சிங்களப் பிள்ளை, கொஞ்சத் தமிழ். கட்டிலடியில் குந்தியிருந்து, "சரி அம்மே, நான் இறங்கிட்டன்" என்றாளாம். அப்போதுதான் அம்மம்மா கண்ணை மூடினா. பக்கத்துக் கட்டில் அக்கா போனில் சொன்னது இது. விதியில் ஒரு ஓட்டை போட்டு, இப்படியான கிழவிகளுக்குப் பரிசோதித்த ஒரு ஆளையாவது நிற்க விட்டிருக்கலாம்.

போகிறவர்களுக்கு: பட்டன் போன், கண்ணாடி, பல்லுச்செட், ஆளின் பழைய சேலை ஒன்று, எல்லாம் முதல் நாளே பையில் போகட்டும். வோக்கரும் கொமோட் கதிரையும் துண்டு வெட்டி வீட்டுக்கு விட முதலே தேடுங்கள். ஊரடங்கில் கடை திறக்காமல் நாங்கள் பட்டபாடு போதும்.

என் கணக்கில் ஐந்துக்கு மூன்றரை. ஒரு புள்ளி பட்டினிக்கு வெட்டு, அரை பூட்டிய கதவுக்கு.

ஆறாம் கிழமை கிளினிக்குக்கு வோக்கரில் நடந்தே போனா. மடியில் முருங்கைக்காய்க் கட்டு. அந்தப் பிள்ளைக்கு அன்று நைட் டியூட்டியாம். வாசலில் நின்ற சிற்றூழியரிடம் கொடுத்து, பேர் தெரியாததால், "பங்கருக்குள்ள இறங்கின பிள்ளைக்கு" என்றா.