ஒரு சித்தி, ஐந்து கணக்குப்பிள்ளைகள்

திங்கள்கிழமை இரவு 11.40. உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட இணைப்பைத் தட்டி, என் மாடித்தோட்டத் தளத்தில் கறிவேப்பிலைச் செடி பற்றிய கட்டுரையைச் சித்தி திறக்கிறார். ஐந்து நிமிடம் படித்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிடுகிறார். 12.05க்கு விழிப்பு வருகிறது. அந்தப் பக்கத்திலிருந்தே வேப்பம் புண்ணாக்கு பற்றிய கட்டுரைக்குப் போய், எட்டு விநாடி பார்த்துவிட்டு மூடுகிறார். காலை 6.30க்கு இலையில் புழுவைப் பார்த்ததும் கூகுளில் தேடி மறுபடியும் என் தளத்துக்கே வருகிறார். ஒரே பக்கம், நான்கு நிமிடம். மாலையில் சித்தப்பாவின் மடிக்கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து, "நம்ம பையன் எழுதியது, பாருங்கள்" என்று காட்டி ஆறே விநாடியில் மூடிவிடுகிறார்.

ஒருவர், நான்கு பக்கப் பார்வைகள், சுமார் ஒன்பது நிமிட வாசிப்பு. இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் இதே வருகையை, தளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் ஐந்து கருவிகள் தத்தம் விதிப்படி எழுதினால் கிடைக்கும் பேரேடு இது:

| கருவி | ஆள் | வருகை | பவுன்ஸ் ரேட் |
|---|---|---|---|
| பழைய கூகுள் அனலிட்டிக்ஸ் | 2 | 4 | 100% |
| ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸ் 4) | 2 | 3 | 33% |
| மட்டோமோ | 2 | 4 | 100% |
| பிளாசிபிள் | 3 | 3 | 67% |
| ஏடபிள்யூஸ்டாட்ஸ் | 1 | 3 | இல்லை |

சித்தியின் கைபேசி ஆண்ட்ராய்டு, குரோம் உலாவி, விளம்பரத் தடுப்பான் எதுவும் இல்லை. எல்லாம் வீட்டு வைஃபையில் நடந்தது. என் சர்வருக்கு ஐபிவி4 என்ற பழைய வகை இணைய முகவரி மட்டும்தான்; அதனால் வீட்டு வைஃபையில் உள்ள எல்லாச் சாதனமும் ஒரே ஐபி முகவரியிலிருந்து வந்ததாகவே தெரியும். இந்த நிபந்தனைகளில் ஒன்றை மாற்றினாலும் எண்கள் மாறும். பக்கப் பார்வையில் மட்டும் ஐந்தும் ஒத்துப்போகின்றன: நான்கு. எந்தக் கருவியிலும் நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். குறை உண்டு என்றாலும் ஏமாற்றாது.

முதல் வரிசையைப் பாருங்கள். 2005இல் அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கி கூகுள் தொடங்கிய சேவையின் பழைய வடிவம் அது. யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் ஓடி, 2023 ஜூலை 1 முதல் புதிய தரவு வாங்குவதை நிறுத்திக்கொண்டது. அதன் விதிப்படி நள்ளிரவு அடித்தால் செஷன், அதாவது ஒரு வருகை, முடிந்தது. ஆகவே 11.40 ஒரு வருகை, 12.05 இன்னொன்று. நான்கு வருகையிலும் ஒவ்வொரு பக்கம் மட்டுமே திறக்கப்பட்டதால் நான்கும் பவுன்ஸ், அதாவது வந்த வாசலிலேயே திரும்பிப்போன கணக்கு. நேரம்? ஒரு பக்கத்தைத் திறந்த மணியையும் அடுத்த பக்கத்தைத் திறந்த மணியையும் கழித்துத்தான் அது நேரத்தைக் கண்டுபிடிக்கும். அடுத்த பக்கம் இல்லையென்றால் பூஜ்யம். ஒன்பது நிமிடம் படித்த சித்தி அந்தப் பேரேட்டில் 100 சதவீதம் ஓடிப்போனவர், வாசிப்பு நேரம் பூஜ்ய விநாடி. எத்தனை எழுத்தாளர்கள் இந்த எண்ணைப் பார்த்து நீளக் கட்டுரை எழுதுவதை விட்டார்களோ தெரியாது. நானும் சில மாதம் எல்லாவற்றையும் முந்நூறு சொல்லில் வெட்டிக்கொண்டிருந்தேன்.

அதன் வாரிசான ஜிஏ4 இந்த அநியாயத்தை ஓரளவு சரிசெய்திருக்கிறது. நள்ளிரவில் செஷனை வெட்டுவதில்லை. 30 நிமிடம் அசைவில்லாமல் கிடந்தால்தான் முடியும். பத்து விநாடியாவது நீடித்தால், அல்லது இரண்டு பக்கமாவது பார்த்தால், அல்லது நாம் முக்கியம் என்று குறித்து வைத்த செயல் ஒன்று நடந்தால் அது ஈடுபாடுள்ள செஷன். இதில் சேராததெல்லாம் பவுன்ஸ். மடிக்கணினியின் ஆறு விநாடி மட்டும் மாட்டிக்கொண்டது. மூன்றில் ஒன்று, 33 சதவீதம். பக்கம் திரையில் முன்னால் இருக்கும் நேரத்தைத்தான் எண்ணுகிறது என்பதால் சித்தி தூங்கிய நேரம் சேராது, படித்த நேரம் விடுபடாது.

தொடக்கத்தில் ஜிஏ4இல் பவுன்ஸ் ரேட்டே கிடையாது. கேட்டுக் கேட்டு 2022இல் திரும்பி வந்தது. பெயர் பழையது, பொருள் புதியது. "புதிய கருவிக்கு மாறினேன், பவுன்ஸ் ரேட் பாதியாகக் குறைந்துவிட்டது" என்று யாராவது பெருமைப்பட்டால் விசாரியுங்கள். தளம் மாறியிருக்காது, அகராதிதான் மாறியிருக்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு: நள்ளிரவைத் தாண்டிய செஷனை நாள்வாரி அறிக்கையில் திங்களுக்கு ஒன்று, செவ்வாய்க்கு ஒன்று என்று இரண்டு நாளிலும் காட்டும். நாள்களைக் கூட்டினால் 4, மொத்தத்தைப் பார்த்தால் 3. எக்செல்லில் கூட்டிப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்கு இதுதான் விடை.

மட்டோமோ 2007இல் பிவிக் என்ற பெயரில் பிறந்தது, 2018இல் பெயர் மாற்றிக்கொண்டது. சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம், தரவு வெளியே போகாது. ஆனால் வருகைக் கணக்கில் பழைய கூகுளின் உடன்பிறப்பு. இயல்பான அமைப்பில் நள்ளிரவில் புதிய வருகை; ஒரு பக்கம் பார்த்தால் பவுன்ஸ்; கடைசிப் பக்கத்தின் நேரம் தெரியாது. நாடித்துடிப்பு போல இடைவெளி விட்டுச் சமிக்ஞை அனுப்பும் ஒரு வசதி உண்டு. அதை நாமே போட்டுக்கொண்டால் நேரம் சரியாகும். பெரும்பாலானவர்கள் போடுவதில்லை. கூட்டம் வரும் தளமென்றால் தரவுத்தளம் வீங்கும், சர்வர் மூச்சு வாங்கும். அலுவலகத்தில் சர்வரைக் கவனிக்க ஆள் இருந்தால் இதைவிடக் கண்ணியமான தேர்வு இல்லை. தனியாளுக்கு யானையைக் கட்டித் தீனி போடும் கதை.

பிளாசிபிள் எஸ்தோனியாவில் பதிவான சிறு நிறுவனத்துடையது. உலாவியில் குக்கீ என்ற சிறு அடையாளக் குறிப்பை வைப்பதில்லை. ஐபி முகவரியையும் உலாவியின் விவரத்தையும் அன்றாடம் மாறும் ஒரு ரகசிய எண்ணோடு அரைத்து ஓர் அடையாளம் செய்கிறது. அந்த ரகசிய எண் நம் நள்ளிரவில் அல்ல, அதற்குப் பிறகு விடியற்காலையில் மாறும்; அதன்பின் பழைய அடையாளம் யாருக்கும் பயன்படாது. அந்தரங்கத்துக்கு நல்லது. விலை என்னவென்றால், காலை 6.30க்கு வந்த சித்தி அதன் கண்ணில் புது மனுஷி. அதனால்தான் மூன்று ஆள். தினமும் வரும் வாசகர் ஒருவர் மாதக் கடைசியில் முப்பது பேராக நிற்பார். விசுவாசமான சிறு கூட்டம் உள்ள தளத்தில் மாத ஆள்கணக்கு ஊதிப்போகும்; நாள்கணக்கு மட்டுமே நம்பத்தக்கது.

குக்கீ வைத்தால் மட்டும் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம். ஐபோனின் சஃபாரி உலாவி, பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் வைக்கும் குக்கீயை ஏழு நாளில் அழித்துவிடும். பத்து நாளுக்கு ஒருமுறை வரும் ஐபோன்காரர் ஜிஏ4இலும் ஒவ்வொரு முறையும் புதியவர்தான். "புதிய பயனர் 80 சதவீதம்" என்ற வரியைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்குமுன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

கடைசி வரிசை எனக்குப் பிடித்த கிழவர். ஏடபிள்யூஸ்டாட்ஸ் பேர்ல் மொழியில் எழுதப்பட்டது, 2000ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தளத்துக்கு இடம் வாடகைக்குத் தரும் பல ஹோஸ்டிங் கணக்குகளில், சிபேனல் என்ற நிர்வாகத் திரையின் ஒரு மூலையில் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. ஸ்கிரிப்ட் ஏதும் தேவையில்லை. சர்வர் தானே எழுதும் பதிவேட்டைப் படிக்கும், ஐபி முகவரியை ஆளாக எண்ணும். ஒரே வைஃபையில் கைபேசியும் மடிக்கணினியும் இருந்ததால் ஐந்தில் இது ஒன்றுதான் சித்தியை ஒருவர் என்று சரியாகச் சொன்னது. ஆனால் குருட்டாம்போக்கில். சித்தப்பா தனியாகப் படித்திருந்தாலும் இருவரும் சேர்ந்து ஒருவரே. ரவுட்டரை அணைத்துப் போட்டு ஐபி மாறினால் சித்தியே இரண்டு பேர்.

இதில்தான் ஹிட்ஸ் என்ற பழைய எண்ணும் இருக்கிறது. ஒரு பக்கம் திறக்கும்போது சர்வரிடம் கேட்கப்படும் ஒவ்வொரு கோப்பும் ஒரு ஹிட்: படம், எழுத்துரு, பாணிக்கோப்பு எல்லாம். பத்துப் படம் போட்ட சமையல் குறிப்பு ஒரே பார்வையில் பத்துக்கு மேல் ஹிட் தரும். ஒருமுறை ஒரு விளம்பர முகவர் "மாதம் ஒரு லட்சம் ஹிட்ஸ்" என்று ஒரு தளத்தை என்னிடம் விற்கப் பார்த்தார். பக்கப் பார்வை எவ்வளவு என்று கேட்டேன். காப்பி சொல்லட்டுமா என்று கேட்டார்.

கிழவரின் பார்வையில் படும் சில, மற்ற நான்கிலும் பெரும்பாலும் படாது. காணாமல்போன பக்கங்களைத் தட்டித் திரும்பியவர்கள், என் படத்தை நேரடியாக இழுத்துக் காட்டும் பிற தளங்கள், ஸ்கிரிப்டைத் தடுக்கும் உலாவியில் வருகிறவர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ரோபோக்கள். அறிமுகமான ரோபோக்களைத் தனியே பிரித்துக் காட்டும். மனிதர் போல வேடமிட்டு வருவதை மனிதராகவே எண்ணிவிடும். ஒரு தமிழ்ச் சங்கடமும் இதில் உண்டு. முகவரியில் தமிழ் எழுத்து வைத்தால் பதிவேட்டில் அது சதவீதக் குறிகளாக உடையும். "அம்மா" என்ற ஒரு சொல் 45 குறிகளாக நீளும். எது எந்தக் கட்டுரை என்று தெரியாமல் ஒரு மாலை முழுவதும் மொழிமாற்றிக்கொண்டிருந்தேன்.

என்ன எடுப்பது? விதை, மண், தொட்டி என்று விற்கும் கடையென்றால் ஜிஏ4. இலவசம், கூகுள் விளம்பரத்தோடு சேரும், எந்த வழியில் வந்தவர் பணம் கட்டினார் என்று சொல்லும். உள்ளே போனால் பட்டியலுக்குள் பட்டியல். ஆய்வு அறிக்கைகளுக்கான தரவை இரண்டு மாதம்தான் இயல்பாக வைத்திருக்கும், நாமே போய் 14 மாதமாக மாற்ற வேண்டும். இதை முதல் நாளே செய்யாதவர்கள் அடுத்த ஆண்டு ஆடிப்பட்டத்தோடு ஒப்பிட முடியாமல் திண்டாடுவார்கள். எழுதுவதற்கு மட்டும் தளம் வைத்திருக்கும் என்னைப் போன்றவருக்கு மாதக் கட்டணம் உறுத்தாவிட்டால் பிளாசிபிள் போதும். ஒரே திரை, காப்பி ஆறுவதற்குள் பார்த்துவிடலாம். கூடவே மாதம் ஒருமுறை கிழவரையும் எட்டிப் பார்க்கிறேன்.

இனி ஒரு கேள்வியில் ஐவரும் சேர்ந்தே கையை விரித்தார்கள்: சித்தி முதல் முறை எங்கிருந்து வந்தார்? வாட்ஸ்அப்பிலிருந்து தட்டி வருகிறவர் பெரும்பாலும் வந்த வழியைச் சொல்லும் குறிப்பைக் கொண்டுவருவதில்லை. முகவரியைத் தானே தட்டச்சு செய்து வந்தவரைப் போல "நேரடி" என்ற பெட்டியில் விழுவார். 2012இல் அமெரிக்க இதழாளர் அலெக்சிஸ் மேட்ரிகல் இதற்கு டார்க் சோஷியல் என்று பெயர் வைத்தார். இதற்கு மருந்து, எந்த வழியில் வந்தார் என்று சொல்லும் யூடிஎம் குறியை இணைப்பின் வாலில் ஒட்டுவது. அந்த யூ, கூகுள் வாங்கிய அர்ச்சின்தான். நானும் அடுத்த கட்டுரைக்கு "வாட்ஸ்அப்" என்று குறி ஒட்டிக் குழுவில் போட்டேன். சித்தி அந்த இணைப்பை வாலோடு எடுத்துப் போய்ப் பேஸ்புக்கில் பகிர்ந்துவிட்டார். அந்த வாரம் என் வாட்ஸ்அப் வாசகர்கள் மூன்று மடங்கானார்கள்.