மூக்கு வண்டியா, தட்டை முகமா? புதுப்பிக்க ஏற்ற பழைய அமெரிக்கப் பள்ளிப் பேருந்து எது

பழைய அமெரிக்கப் பள்ளிப் பேருந்து ஒன்றை வாங்கி, பிள்ளைகளை ஏற்றிய காலத்தில் இருந்த அதே கோலத்துக்குக் கொண்டுவர ஆசையா? நான் இரண்டு வண்டிகளைத்தான் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பேன். ஒன்று, மூக்கு நீண்ட இன்டர்நேஷனல் லோட்ஸ்டார். இன்னொன்று, கலிபோர்னியாவில் தயாரான கிரவுன் சூப்பர்கோச்.

லோட்ஸ்டார், 1962-இல் வந்த லாரி சேசிஸ். அதன் மேல் புளூ பேர்ட், வெய்ன், சுப்பீரியர் என்று பல நிறுவனங்கள் பாடி கட்டின. இன்ஜினைப் பற்றிக் கவலையே வேண்டாம். அதிலிருந்த 345 கன அங்குல வி8 பெட்ரோல் இன்ஜின், இன்டர்நேஷனல் நிறுவனத்தின் மற்ற லாரிகளிலும், ஸ்கவுட் என்ற ஜீப் மாதிரி வண்டியிலும்கூட ஓடியது. பானட்டைத் தூக்கினால் கார்புரேட்டர் முதல் எல்லாம் கைக்கெட்டும்.

தலைவலி பாடியில்தான். ரப்பர் விரிப்புக்கு அடியில் தண்ணீர் இறங்கித் தரைத் தகரத்தைத் தின்றிருக்கும். குளிர்காலத்தில் சாலைக்கு உப்புப் போடும் ஊரில் ஓடிய வண்டி என்றால் படிக்கட்டும் சக்கர வளைவும் சேர்ந்தே போயிருக்கும். விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ரிம்மையும் பாருங்கள். துண்டுகளாகக் கழலும் பழைய வகை ரிம் என்றால், காற்றடிக்கும்போது வளையம் தெறித்து ஆளையே கொன்றுவிடலாம். பல டயர் கடைகளில் அதைத் தொடவே மாட்டார்கள். அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

கிரவுனின் முகம் தட்டை. டீசல் இன்ஜின் வண்டியின் நடுவில், தரைக்கு அடியில் படுத்திருக்கும். நீண்ட காலம் உழைப்பதற்கென்றே கட்டிய வண்டி இது. பெரும்பாலும் கலிபோர்னியாவிலேயே ஓடியதால் துருவும் குறைவு. ஆனால் அடியில் புகுந்து வேலை பார்க்கக் குழியோ லிஃப்ட்டோ வேண்டும். தயாரிப்பு 1991-இல் நின்றுவிட்டது. பாடி உதிரிகளுக்கு இன்னொரு கிரவுனைத்தான் பிரிக்க வேண்டியிருக்கும்.

எதை வாங்கினாலும் வருடத்தைக் கவனியுங்கள். 1977 ஏப்ரலில் பள்ளிப் பேருந்துகளுக்கான அமெரிக்க மத்திய அரசின் புதிய பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் சீட்டு முதுகுகள் உயர்ந்து, மெத்தை வைத்தவை ஆயின. பாடி இணைப்புகளும் வலுவாயின. நினைவு தேடுகிறவருக்கு, மேலே இரும்புக் கம்பி வைத்த அந்தப் பழைய குட்டைச் சீட்டுதான் உயிர். அதைப் பிடுங்கிவிட்டுப் புதுச் சீட்டுப் போட்டால் எனக்கு மனசு ஆறாது. ஆனால் அந்தச் சீட்டில் பிள்ளைகளை ஏற்றி ஊர் சுற்றாதீர்கள். மோதினால் அந்தக் கம்பியே முகத்தைப் பதம் பார்க்கும்.

முதல் முறை இறங்குகிறவருக்கு நான் லோட்ஸ்டாரைத்தான் சொல்வேன். வீட்டு வாசலிலேயே, கையில் காசு வரவர, கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யலாம். அப்புறம், பள்ளிப் பேருந்து என்றதும் கண்ணில் வருவது அந்த மூக்குதானே. கிரவுனை, ஒர்க்‌ஷாப் வசதியும் பிரிக்க இரண்டாவது வண்டியும் உள்ளவர் எடுக்கட்டும்.

பெயின்ட் வாங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. 1939-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அங்கே பேராசிரியராக இருந்த ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாட்டில் முடிவான அந்தப் பள்ளிப் பேருந்து மஞ்சளை, தனியார் வண்டிக்கு அடிக்கப் பல மாநிலங்கள் அனுமதிப்பதில்லை. பழங்கால வண்டிகளுக்கு விலக்கு உண்டா என்று உங்கள் மாநில வாகனத் துறையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.