பட்டியலில் மட்டும் மிச்சமிருக்கும் புரோகிராம்கள்: எந்த வழி நிலைத்தது, எதை விட்டுவிட்டேன்

விண்டோஸில் ஒரு புரோகிராமை நீக்கிய பிறகும் அதன் பெயர், நிறுவிய புரோகிராம்களின் பட்டியலில் அப்படியே நிற்பது பலருக்கும் பழகிய தொல்லை. அன்இன்ஸ்டால் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது, அல்லது ஏதோ ஃபைலைக் காணோம் என்று ஒரு பெட்டி வரும். என் கணினி விண்டோஸ் 10-இல் தொடங்கி, இடையில் ஃபார்மேட் செய்யாமலே 11-க்கு வந்தது. தெரிந்தவர்களின் கணினிகளும் அவ்வப்போது என் மேசைக்கு வரும். இப்படி வருடக்கணக்கில் இந்த மிச்சங்களை எடுத்துக்கொண்டே இருந்ததில் எந்த முறை நம்பத்தகுந்தது என்று எனக்கு ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பெயர்களை எடுப்பதால் கணினி வேகமாகாது. ஒவ்வொன்றும் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைப் பதிந்து வைக்கும் இடத்தில், சில வரிகள், அவ்வளவுதான். வட்டிலும் இடம் மிச்சமாகாது. பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். "பழைய பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது" என்று புதிய பதிப்பு ஏற மறுப்பது இன்னொன்று. இவை இரண்டும் இல்லையென்றால் அந்தப் பெயர் அங்கேயே கிடக்கட்டும், யாருக்கும் கெடுதல் இல்லை.

அந்தப் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட் வெர்ஷன் என்று இறங்கினால் கடைசியில் அன்இன்ஸ்டால் என்று ஒரு கீ (ஃபோல்டர் மாதிரியான ஒன்று) இருக்கும். அதற்குள் புரோகிராமுக்கு ஒன்றாகத் துணைக் கீக்கள். 64 பிட் விண்டோஸில் 32 பிட் புரோகிராம்களுக்கு இதே அமைப்பு வாவ்6432நோட் என்ற கிளையின் கீழ் தனியாக இருக்கிறது. ஒரு பயனருக்கு மட்டும் நிறுவப்பட்டவை ஹெச்கீ கரண்ட் யூசரின் கீழ் இருக்கும். பலர் முதல் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு "இங்கே இல்லையே" என்று குழம்புவார்கள். மூன்று இடத்தையும் பார்க்க வேண்டும். ஸ்டோரிலிருந்து வரும் ஆப்கள் இந்தக் கணக்கிலேயே சேராது, அவற்றுக்கு வேறு ஏற்பாடு.

ஒவ்வொரு துணைக் கீயிலும் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. டிஸ்ப்ளே நேம் என்பது பட்டியலில் தெரியும் பெயர். அன்இன்ஸ்டால் ஸ்ட்ரிங் என்பது பட்டனை அழுத்தினால் ஓட வேண்டிய கட்டளை. அந்தக் கட்டளை காட்டும் ஃபைல் வட்டில் இல்லையென்றால் நமக்கு மிச்சப் பெயர் கிடைக்கிறது. புரோகிராமை முறையாக நீக்காமல் ஃபோல்டரையே டெலீட் செய்துவிடுவதுதான் நான் பார்த்தவரை இதற்குப் பெரிய காரணம். நீக்கும் வேலை பாதியில் நின்றுபோவது அடுத்தது.

இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவிடுவது அந்தப் பெயர் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார்ப்பதில்தான். அழிப்பது ஒரு நொடி வேலை. வெளி வட்டில் நிறுவிய விளையாட்டு, அந்த வட்டு செருகப்படாதபோது செத்தது போலவே தெரியும். டி டிரைவ் ஒருநாள் ஈ டிரைவாக மாறிவிட்டால், புரோகிராம் நன்றாகவே இருந்தாலும் கட்டளை பழைய எழுத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அப்போது டிரைவ் எழுத்தை மாற்றினால் போதும், எதையும் அழிக்க வேண்டியதில்லை. ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடைச் செயலி வழியாக நிறுவிய விளையாட்டுகளின் நீக்கக் கட்டளை ஸ்டீமையே கூப்பிடும். ஸ்டீம் இல்லாத கணினியில் அது ஓடாது, ஆனால் விளையாட்டின் ஃபைல்கள் பல ஜிபி அளவில் வட்டில் உட்கார்ந்திருக்கலாம். பெயரை எடுத்துவிட்டால் அவை இருப்பதே நினைவுக்கு வராது.

விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்று வரிசையாக நிற்கும், மற்ற புரோகிராம்கள் ஓடத் தேவையான துணைத் தொகுப்புகளும் மிச்சங்கள் அல்ல. 2010, 2012, 2013 என்று ஆண்டுவாரியாகவும், 32 பிட், 64 பிட் என்று இரட்டையாகவும் இருப்பதால் நகல்கள் மாதிரித் தோன்றும். ஒவ்வொன்றையும் வேறு வேறு புரோகிராம்கள் பயன்படுத்துகின்றன. "ஒரே பேர் எத்தனை தடவை இருக்கு, எடுத்துடவா?" என்று கேட்பவர்களிடம் நான் தொடவே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சரி, செத்தது உறுதி என்றால் என்ன செய்வது? முதல் வழி விண்டோஸே தருவது. பழைய கன்ட்ரோல் பேனலில் புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ் பகுதியில் அந்தப் பெயரை இரட்டைக் கிளிக் செய்தால், "இது ஏற்கெனவே நீக்கப்பட்டிருக்கலாம், பட்டியலிலிருந்து எடுக்கவா?" என்ற பொருளில் ஒரு கேள்வி வரும். ஆம் என்றால் முடிந்தது. புதிய செட்டிங்ஸ் பக்கத்தை விட இந்தப் பழைய பக்கத்தில்தான் எனக்கு இந்தக் கேள்வி ஒழுங்காக வந்திருக்கிறது. ரெஜிஸ்ட்ரி பக்கம் ஓடுவதற்கு முன் இதை முயலாதவர்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு அதிகம்.

இரண்டாவது வழி கொஞ்சம் சுற்று, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. அதே புரோகிராமை, முடிந்தால் அதே பதிப்பை, அதே இடத்தில் மறுபடி நிறுவிவிட்டு முறையாக நீக்குவது. காணாமல் போன அன்இன்ஸ்டாலர் திரும்ப வந்துவிடும், பெயரோடு சேர்த்து பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள், திட்டமிட்ட பணிகள், ஷார்ட்கட்கள் எல்லாவற்றையும் அதுவே எடுத்துக்கொண்டு போகும். வேறு எந்தக் கருவியும் இந்த அளவுக்குத் துடைத்து நான் பார்த்ததில்லை.

எம்எஸ்ஐ வகை நிறுவிகள், அதாவது விண்டோஸின் சொந்த விண்டோஸ் இன்ஸ்டாலர் வழியாக ஏறுபவை, தனிக் கதை. துணைக் கீயின் பெயர் நெளிவு அடைப்புக்குறிக்குள் நீளமான எண்ணெழுத்து வரிசையாக இருந்து, கட்டளை எம்எஸ்ஐஎக்ஸெக் என்று தொடங்கினால் அது இந்த வகை. இவற்றின் விவரம் ரெஜிஸ்ட்ரியில் வேறு இடங்களிலும் பதிவாகியிருக்கும். அன்இன்ஸ்டால் கீயை மட்டும் அழித்தால் பட்டியலில் பெயர் மறையும், ஆனால் விண்டோஸ் இன்ஸ்டாலர் அது இன்னும் இருப்பதாகவே நம்பும். புதிய பதிப்பு ஏற மறுப்பதும் பெரும்பாலும் இதனால்தான். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்டாலர் என்ற மறைந்த ஃபோல்டர் ஒன்று உண்டு. எம்எஸ்ஐ ஃபைல்களின் பிரதிகள் அங்கேதான் இருக்கும். இடம் மிச்சம் பிடிக்க அதைக் காலி செய்யச் சொல்லும் அறிவுரையை நம்பினால், பிற்பாடு அந்த வகைப் புரோகிராம்களை நீக்குவதும் புதுப்பிப்பதும் சிக்கலாகிவிடும். இந்தக் கோளாறோடு வந்த கணினிகளைச் சரிசெய்வதுதான் எனக்கு அதிகம் நேரம் தின்றது.

எம்எஸ்ஐ சிக்கலுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் புரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால் டிரபிள்ஷூட்டரைத்தான் நான் இன்றும் பயன்படுத்துகிறேன். பெயரைத் தேர்ந்தெடுத்தால் தொடர்புடைய பதிவுகளை அதுவே சரிசெய்யும். முன்பு இதே வேலைக்கு இருந்த விண்டோஸ் இன்ஸ்டாலர் கிளீனப் யுட்டிலிட்டி மற்ற புரோகிராம்களையும் கெடுக்கும் ஆபத்து இருந்ததால் 2010-இல் மைக்ரோசாஃப்டே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எங்காவது அதன் பழைய பிரதி கண்ணில் பட்டாலும் தொடாதீர்கள். சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலையில், போய் நீக்கிப் பார் என்பார்கள். விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் சேஃப் மோடில் இயல்பாக ஓடாது என்பதால் எம்எஸ்ஐ விஷயத்தில் அது உதவாது.

வெளிக் கருவிகளில் என்னிடம் தங்கியவை இரண்டு. கீக் அன்இன்ஸ்டாலர் நிறுவத் தேவையில்லாத ஒற்றை ஃபைல். பெயர் மீது ரைட் கிளிக் செய்தால் அதன் ரெஜிஸ்ட்ரி இடத்துக்கு நேரே கூட்டிப்போகும், பெயரை மட்டும் எடுக்கும் வசதியும் உண்டு. பல்க் கிராப் அன்இன்ஸ்டாலர் திறமூலம். அன்இன்ஸ்டாலர் காணாமல் போனவற்றைத் தனியாக அடையாளம் காட்டும், மிச்சங்களைத் தேடும்போது ஒவ்வொன்றும் எவ்வளவு நம்பகமான கண்டுபிடிப்பு என்று தரம் பிரித்துச் சொல்லும். ரெவோ அன்இன்ஸ்டாலரையும் வைத்திருந்தேன், நல்ல கருவிதான். ஆனால் அதன் அட்வான்ஸ்டு தேடல் காட்டும் நீண்ட பட்டியலை வரிவரியாகப் படிக்கும் பொறுமை எல்லோருக்கும் இருக்காது. எல்லாவற்றையும் டிக் அடித்து நெக்ஸ்ட் கொடுப்பவர் கையில் அதைத் தர மாட்டேன். "நூற்றுக்கணக்கான பிழைகள்" என்று மிரட்டும் ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை எப்போதோ விட்டுவிட்டேன். மைக்ரோசாஃப்டும் அவற்றை ஆதரிப்பதில்லை.

கையால் அழிக்கும்போது நான் தவறாமல் செய்வது: கணினியின் அமைப்பைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ரீஸ்டோர் பாயின்ட் ஒன்று உருவாக்குவேன். அதற்குத் தேவையான சிஸ்டம் புரொடக்‌ஷன் அணைந்தே கிடக்கும் கணினிகள் நிறைய, அதனால் அதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அந்தத் துணைக் கீயை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து, புரோகிராம் பெயரும் தேதியும் வைத்துச் சேமிப்பேன். தவறிப்போனால் அந்த ஃபைலை இரட்டைக் கிளிக் செய்தால் எல்லாம் திரும்ப வந்துவிடும். அன்இன்ஸ்டால் என்ற தாய்க் கீயைத் தேர்ந்தெடுத்த நிலையில் டெலீட் அழுத்திவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆபத்து.

சந்தேகம் இருந்தால் அழிக்கவே வேண்டாம். அந்தத் துணைக் கீக்குள் சிஸ்டம் காம்பொனன்ட் (SystemComponent) என்ற பெயரில், இடைவெளி விடாமல், டிவேர்டு (DWORD) என்ற எண் வகை மதிப்பு ஒன்றை உருவாக்கி 1 என்று வைத்தால் பெயர் பட்டியலிலிருந்து மறைந்துவிடும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். சில மாதம் எந்தப் புகாரும் இல்லையென்றால் பிறகு அழிக்கலாம். பிறர் கணினிகளில் நான் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆன்டிவைரஸ், விபிஎன், டிரைவர் வகைகளுக்கு மேலே சொன்ன கையால் அழிக்கும் வேலை எதுவும் பொருந்தாது. பெயர் போனாலும் அவற்றின் சர்வீஸ்களும் டிரைவர்களும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், நெட்வொர்க் வரை தொந்தரவு வரலாம். ஆன்டிவைரஸ் தயாரிப்பாளர்கள் பலர் தங்களுக்கென்று தனி நீக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். அதைத் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி ஓட்டி, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்த பிறகும் பெயர் நின்றால் மட்டும் ரெஜிஸ்ட்ரியைத் திறக்கலாம்.