பத்தமடைக் கல்யாணப் பாய்: சீருக்கு வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஆனால் கடைசி நேரத்தில் போய் நிற்காதீர்கள்.

அக்கா மகள் கல்யாணம் திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயிலில் நடந்தது. சொந்தக்காரர்களும் நெருங்கிய சிநேகிதர்களும் மட்டும்தான். தாய்மாமன் சீரில் மணமக்கள் பெயர் நெய்த பத்தமடைப் பாய் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் டவுனில் ஒரு கடையில் கேட்டேன். பட்டுப் பாய் (பட்டு மாதிரி மெல்லிசான கோரைப் பாய்) என்று எடுத்துப் போட்டார்கள். தொட்டதுமே தெரிந்துவிட்டது, பிளாஸ்டிக் இழை. அப்புறம் சேரன்மகாதேவி பஸ் ஏறிப் பத்தமடைக்கே போய்விட்டேன். அங்கே நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள், வீட்டிலேயே தறி. நான் பார்த்த நெசவுக்கார அக்கா இரண்டு பாயை விரித்துக் காட்டினார். 50 கவுண்ட் (நெசவின் நெருக்கம்; எண் கூடக் கூடப் பாய் மெல்லிசு) பாய் தினம் விரித்துப் படுக்க. சீருக்கு என்றால் 100க்கு மேல் கேளுங்கள். பாவு (நீளவாட்டு இழை) பருத்தி நூல், ஊடு (குறுக்கு இழை) கோரைப் புல். ஆற்றங்கரைக் கோரையைக் கீறி, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, காயவைத்து, மறுபடி மெல்லிசாகக் கிழிக்கிறார்கள். அந்த மெல்லிசுக்குத்தான் காசு. வேட்டி மாதிரி மடிகிறது. சாதாரணப் பாயைவிட விலை பல மடங்கு. அந்த உழைப்பைப் பார்த்த பிறகு எனக்குப் பேரம் பேச மனம் வரவில்லை.

பெயரைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் கொடுங்கள், இனிஷியலோடு. வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். வளைவான எழுத்துகள் நெசவில் கொஞ்சம் கட்டம் கட்டமாகத்தான் விழும். எங்கள் பாயில் ‘ஜ’ அப்படித்தான் வந்தது. எனக்கு அது பிடித்தே இருந்தது.

குறை என்றால் ஒன்றுதான். ஓரத்துத் துணியில் ஒரு மூலைத் தையல் சீக்கிரமே விட்டுப்போனது. வாங்கும்போதே நாலு மூலையையும் இழுத்துப் பாருங்கள்.

மறுவீட்டன்று சொதிச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் பாயைச் சுற்றித்தான் நின்றார்கள். “ஏ, யாரும் மிதிச்சிராதிய!” என்று அக்கா சத்தம் போட்டுக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளையின் ஆச்சி மட்டும் ஓரமாக உட்கார்ந்து பெயரைத் தடவிப் பார்த்தார். “எனக்கும் பத்தமடைப் பாய்தான் வந்துச்சு. பேரு போடலை” என்றார். சீர்த்தட்டில் இருந்த வேறு எதையும் அவர் கையில் எடுக்கவில்லை. எனக்கு அது போதும்.

தை மாதக் கல்யாணம் என்றால் புரட்டாசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோரை காய்வது சிரமம். வீட்டுக்கு வந்த பிறகு தண்ணீரில் நனைக்காமல், ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவையுங்கள். மடித்து பீரோவில் அடுக்குவதைவிடச் சுருட்டி வைப்பது நல்லது.